கல்லும் கிருமியும்: சிறுநீர்ப் பாதைச் சுண்ணப்படிவுத் தொற்று அறியப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீர்ப்பை, சிறுநீரகம் ஆகியவற்றின் உட்சுவரில் சுண்ண உப்புகள் ஓடு போலப் படியும் அரிய தொற்று 1914இல் விவரிக்கப்பட்டது. அதன் முதன்மைக் காரணமான நுண்ணுயிரி 1985ஆம் ஆண்டையொட்டியே தெளிவாக இனங்காணப்பட்டது. இந்த எழுபதாண்டு இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. யானைமலை, திருமுக்கூடல் கல்வெட்டுகள், சித்த மருத்துவ நூன்மரபு, காலனியக் கால ஆய்வுகள், நவீன நுண்ணுயிரியல் ஆகியவற்றை ஒப்புநோக்கி, ஒவ்வோர் அறிவு முறையும் தன் நோக்கீட்டு நெறி இடந்தரும் நோய்களையே காண்கிறது என இக்கட்டுரை நிறுவுகிறது. ஆவணத்தில் ஒரு நோய் காணப்படாமையை அந்நோய் இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கல்லடைப்பு, நீர்க்குறி, யூரியேசு, சுண்ணப்படிவு, மருத்துவ வரலாறு, யானைமலை.

முன்னுரை

சிறுநீரில் கரைந்துள்ள யூரியாவைச் சிதைக்கும் ஆற்றல் சில நுண்ணுயிரிகளுக்கு உண்டு. அவை சிறுநீர்ப் பாதையில் தங்கினால் யூரியாவிலிருந்து அம்மோனியா வெளிப்படும்; சிறுநீர் காரத்தன்மை அடையும். காரத்தன்மை மிகுந்த நீரில் மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் பாஸ்பேட்டு உப்புகள் கரைந்த நிலையில் நிற்கமாட்டா, வீழ்படிவாகும். பெரும்பாலோரிடம் இவ்வாறு தோன்றும் பொருள் தனிக் கல்லாகத் திரள்கிறது. மிகச் சிலரிடம் அது சுவரிலேயே ஒட்டி, அழற்சியுற்ற சவ்வின்மேல் ஓடாகப் படிகிறது. சிறுநீர்ப்பையில் நேரும்போது சுண்ணப்படிவுச் சிறுநீர்ப்பை அழற்சி என்றும், சிறுநீரகத்துள் சிறுநீர் சேரும் புனல் போன்ற அறையில் நேரும்போது சுண்ணப்படிவுச் சிறுநீரக அழற்சி என்றும் இதனைக் குறிக்கலாம். இக்கட்டுரையில் இவ்விரண்டும் சேர்த்துச் சுண்ணப்படிவுத் தொற்று எனப்படுகின்றன.

தமிழில் மருத்துவ வரலாறு எழுதுவோர் இருவகை இடர்களை எதிர்கொள்கின்றனர். இன்று அறியப்பட்ட நோயைப் பழைய நூலில் தேடி, ஒத்த சொல் கிடைத்ததும் முன்னோர் அறிந்திருந்தனர் என முடிப்பது ஒன்று. ஒத்த சொல் கிடைக்காதபோது அக்காலத்தில் அந்நோய் இல்லை என முடிப்பது மற்றொன்று. இரண்டும் சொல்லை நோயாகக் கொள்ளும் ஒரே பிழையின் இரு முகங்கள். சுண்ணப்படிவுத் தொற்று இப்பிழையை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. வெளியே தெரிவது கல். அதனை ஆக்குவது கிருமி. கல்லுக்குப் பெயர் உண்டு. கிருமிக்கு நெடுங்காலம் பெயர் இல்லை.

கல்வெட்டுகள் காட்டும் மருத்துவர்

மதுரை நகருக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டி யானைமலை நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்தில், நரசிங்கத்தில், பாறையைக் குடைந்து அமைத்த நரசிங்கப் பெருமாள் கோயில் உள்ளது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கிரந்த எழுத்திலும், தமிழ்க் கல்வெட்டு வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டவை. வடமொழிப் பகுதி கலியாண்டு 3871ஐக் குறிக்கிறது, அது பொ.ஆ. 770க்கு இணையானது. பாண்டியன் மாறஞ்சடையனின் உத்தரமந்திரியான மாறன்காரி இக்கற்றளியை எடுத்தான் என்றும், நீர்தெளித்து நிறைவு செய்யும் முன்னரே அவன் இறந்தான் என்றும், அவனுக்குப்பின் அப்பதவியை அடைந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்துப் பணியை முடித்தான் என்றும் அறிகிறோம்.

இக்கட்டுரைக்கு வேண்டியது மாறன்காரியின் பட்டம். களக்குடியைச் சேர்ந்த வைத்தியன் என்று அவன் குறிக்கப்படுகிறான். வேள்விக்குடிச் செப்பேட்டில் ஆணத்தியாக வரும் மாறன்காரியும் வைத்தியக் குலத்தவனே. எட்டாம் நூற்றாண்டில் மதுரைப் புறத்தில் வைத்தியம் என்பது அரசவையின் உயர்பதவி வரை சென்ற ஒரு குலத்தின் அடையாளமாக இருந்தது என்பதற்கு இது உறுதியான சான்று. எனினும், அக்குலத்தார் எந்நோயை எவ்வாறு கண்டறிந்தனர் என்பது கல்வெட்டின் பொருளன்று. கொடையையும் கோயிலையும் பதிவு செய்வதே அதன் நோக்கம்.

மருத்துவமனையைப் பற்றியே பேசும் கல்வெட்டிலும் நிலை பெரிதும் வேறன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைக் குறிப்பிடுகிறது. அங்கு மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோர் பணியாற்றினர். அவர்களுக்குரிய நெல்லும் காசும், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. அறுவை செய்வோர் தனியே சுட்டப்படுவது குறிப்பிடத்தக்கது. ஆனால் படுக்கையில் கிடந்தோரின் நோய் அதில் இல்லை. கணக்கு எழுதியோருக்கு வேண்டியது செலவு. செலவு மருந்தின் பெயராலும் ஊழியரின் பெயராலும் அமைந்தது. நோயின் பெயருக்கு அக்கணக்கில் இடமே வகுக்கப்படவில்லை. இம்மௌனம் ஆவணத்தின் அமைப்பால் நேர்ந்ததே தவிர, நோயின் இன்மையால் நேர்ந்ததன்று.

சித்த மருத்துவத்தில் கல்லடைப்பும் நீர்க்குறியும்

நோயைப் பெயரிட்டு வகைப்படுத்தும் சான்றுகள் மருத்துவ நூல்களில் கிடைக்கின்றன. சித்த மருத்துவம் சிறுநீர் நோய்களை நீரினைப் பெருக்கல் நோய், நீரினை அருக்கல் நோய் என இரண்டாகப் பகுக்கிறது. நீர்ச்சுருக்கும் கல்லடைப்பும் பின்னதைச் சேர்ந்தவை. யூகி மரபு கல்லடைப்பை வாதம், பித்தம், ஐயம், தொந்தம் என நான்காக விரிக்கிறது. வடமொழி மரபில் சுசுருத சங்கிதையும் அசுமரியை நான்காகவே பகுத்தாலும், அங்கு நான்காவது வகை சுக்கிலத்தால் தோன்றுவது. எண்ணிக்கை ஒத்திருப்பினும் பகுப்பு நெறி முழுதும் ஒன்றன்று.

இப்பகுப்புகளின் அடிப்படை குற்றங்களின் நிலை. கல்லின் பொருள் யாது, அது எதனால் ஆனது என்ற வினா இங்கு எழவில்லை. ஆதலின் யூரிக அமிலக் கல், ஆக்சலேட்டுக் கல், தொற்றால் விளையும் பாஸ்பேட்டுக் கல் ஆகிய அனைத்தும் கல்லடைப்பு என்ற ஒரு பெயருக்குள் அடங்கக்கூடும். சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கம் ஆகிய மூலிகைகளும், நண்டுக்கல் பற்பம் போன்ற மருந்துகளும் இப்பெயருக்கு உரியனவாகவே வழங்கின.

ஆயினும் சிறுநீரை நேரடியாக நோக்கும் நெறி ஒன்றைச் சித்த மருத்துவம் வகுத்திருந்தது. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் அதற்குச் சான்று. நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என ஐந்து கூறுகளால் நீரை ஆராய்வது நீர்க்குறி. நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு போல நீள்கிறதா, மோதிரம் போல வளைகிறதா, முத்துப்போல நிற்கிறதா எனக் காண்பது நெய்க்குறி. முறையான உணவும் உறக்கமும் கொண்டபின், வைகறையில், கண்ணாடிக் கலத்தில் நீரைப் பெற்று, ஒரு முகூர்த்தத்திற்குள் நோக்கவேண்டும் என்பது விதி. இக்காலப் பாடநூல்கள் இதனை ஒன்றரை மணி நேரம் எனக் கொள்கின்றன.

இக்கால வரையறை நுட்பமானது. நோயற்றவரின் சிறுநீரும் நெடுநேரம் திறந்து வைக்கப்பட்டால் காற்றிலிருந்தும் கலத்திலிருந்தும் வந்த நுண்ணுயிரிகளால் சிதைந்து அம்மோனியா நாற்றம் பெறும். நாற்றம் உடலுக்குள் பிறந்ததா, கலத்தில் பிறந்ததா என்பதைப் பின்னர்ப் பிரித்தறிய இயலாது. உடனே நோக்கவேண்டும் என்ற விதி, காரணத்தை வேறுவகையாக விளக்கிய மரபிலும், இக்குழப்பத்தைத் தவிர்க்க உதவியது. காரத்தன்மை மிக்க சிறுநீரின் கடுநாற்றத்தை நீர்க்குறி பார்த்த மருத்துவர் உணர்ந்திருக்கக் கூடும் என்று மட்டுமே கூறலாம். அவர் உணர்ந்த மணம் முக்குற்றங்களின் குறியாகப் பொருள்கொள்ளப்பட்டது. மணத்தை அறிவது ஒன்று. அதனை உண்டாக்கும் உயிரை அறிவது மற்றொன்று.

காலனியக் காலம்: எண்ணப்பட்ட கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவத்தின் கீழ்க் கல் எண்ணிக்கைக்கு உரிய பொருளாயிற்று. உலோகக் கம்பியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அது கல்லில் மோதும் ஒலியையும் தடையையும் கொண்டு நோயறிவது அக்கால வழக்கம். அமெரிக்க அறுவை மருத்துவர் பிகெலோ 1878இல் கல்லை உள்ளேயே நொறுக்கித் துகள்களை ஒரே அமர்வில் வெளியேற்றும் முறையை முன்வைத்தார். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கீகன், இந்தூரில் அம்முறையைச் சிறுவர்களுக்கும் கையாண்டு புகழ்பெற்றார். வெளியே எடுக்கப்பட்ட கல்லை நிறுக்கலாம், எண்ணலாம், கண்ணாடிக் குப்பியில் வைத்துக் காட்டலாம். சுவரில் ஒட்டிய மெல்லிய ஓட்டினைக் கம்பியின் ஒலியால் கல்லிலிருந்து பிரித்தறிவது எளிதன்று.

கல்லின் காரணத்தைத் தேடிய பெரிய முயற்சி தமிழகத்திலேயே நடந்தது. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு வெவ்வேறு உணவுகளை அளித்து, உயிர்ச்சத்து ஏ குறைந்த, தானியம் மிகுந்த சில உணவுகள் சிறுநீர்ப்பைக் கல்லைத் தோற்றுவித்தன என்றும், பால் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது என்றும் கண்டார். இந்தியாவில் கல்நோயின் காரணம் பற்றிய அவருடைய உரை 1931இல் வெளிவந்தது. வடமேற்கு இந்தியாவில் மிகுதியாகவும் தென்னிந்தியாவில் அரிதாகவும் இருந்த சிறுநீர்ப்பைக் கல்லின் பரவலை உணவு வேறுபாட்டோடு அவர் இணைத்தார்.

ஏழைச் சிறாரின் சிறுநீர்ப்பைக் கல் பெரும்பாலும் தொற்றால் தோன்றுவதன்று; உணவுக் குறைபாட்டோடு அதற்குள்ள தொடர்பு இன்றும் ஏற்கப்படுகிறது. ஆனால் தென்னிந்தியாவில் கல் அரிது என்ற கூற்றைச் சிறுநீர்ப் பாதையில் சுண்ணப்படிவுகள் அனைத்தும் அரிது என விரித்துப் பொருள்கொள்வது பிழை. மருத்துவமனைக் கணக்கில் இடம்பெற்றது அறுவைக்கு வந்த கல். தொற்றால் விளைந்த ஓடு அக்கணக்கின் அலகே அன்று.

வேதியியலும் கிருமியியலும் சந்தித்த இடம்

கல்லின் பொருளை ஆராயும் மற்றொரு மரபு ஐரோப்பாவில் வளர்ந்தது. 1797இல் வொல்லாசுடன் சிறுநீர்க் கற்களில் மக்னீசியம், அம்மோனியம், கால்சியம் ஆகியவற்றின் பாஸ்பேட்டுகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். 1845இல் உலெக்சு என்பவர் மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டுக் கனிமத்துக்கு, இயற்கையியலாளர் ஸ்ட்ரூவேயின் நினைவாக, ஸ்ட்ரூவைட் எனப் பெயரிட்டார். கல்லுக்கும் நுண்ணுயிரிக்கும் உள்ள உறவை 1901இல் பிரவுன் முன்வைத்தார்: யூரியாவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் உள்ள இடத்தில் பாஸ்பேட்டுக் கல் தோன்றுகிறது என்பது அவர் கருத்து.

சுவரில் படியும் ஓடு தனி நோயாக விவரிக்கப்பட்டது 1914இல். பிரெஞ்சு மொழி மருத்துவ இதழில் பிரான்சுவா சுண்ணப்படிவுச் சிறுநீர்ப்பை அழற்சியை விளக்கினார். சிறுநீர்ப்பையின் உட்புறத்தை ஒளியூட்டிக் காணும் கருவியை நிட்சே 1870களின் இறுதியில் உருவாக்கியிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது. கம்பியின் ஒலியால் அறிந்ததைக் கண்ணால் காண வழி பிறந்த பின்னரே, தனித்த கல்லும் ஒட்டிய ஓடும் வேறு வேறு என்பது நிலைபெற்றது. 1925இல் ஏகர், மகாத் ஆகியோர் காரச் சிறுநீரோடு கூடிய இந்நோய்க்கு யூரியாவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளே காரணம் என வாதிட்டனர். அடுத்த ஆண்டே சம்னர், யூரியேசு என்னும் நொதியை ஓர் அவரை இனத்தின் விதையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதிகள் புரதங்களே என்பதை நிறுவிய இப்பணி அவருக்கு 1946ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத் தந்தது.

ஆக, 1926அளவில் நோயின் தோற்றம், அதன் வேதியியல், அதனை இயக்கும் நொதி ஆகிய மூன்றும் அறியப்பட்டிருந்தன. இருந்தும் மிகப் பல நோயாளிகளில் காரணமான கிருமி கிடைக்கவில்லை.

புறந்தள்ளப்பட்ட கிருமி

1985இல் இசுபெயினைச் சேர்ந்த சோரியானோ குழுவினர், இந்நோயுற்ற நால்வரிடமிருந்து கொரினிபாக்டீரியம் டி2 தொகுதியைச் சேர்ந்த நுண்ணுயிரியைப் பிரித்து அறிவித்தனர். 1992இல் அதற்குக் கொரினிபாக்டீரியம் யூரியாலிட்டிக்கம் என்ற முறையான பெயர் வழங்கப்பட்டது. 1993இல் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரிடம் சிறுநீரகத்தின் உட்சுவரிலும் இவ்வோடு படிவது ஓர் அச்சுறுத்தும் சிக்கலாக எடுத்துரைக்கப்பட்டது.

இக்கிருமி அதுகாறும் அறியப்படாமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அது மெல்ல வளர்வது. வழக்கமான சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் தட்டு ஒரு நாள் வைக்கப்பட்டுப் பார்க்கப்படுகிறது. இக்கிருமியோ குருதி சேர்த்த ஊடகத்தில் 48 முதல் 72 மணி நேரம் கழித்தே தெளிவான திட்டுகளாகத் தோன்றும். ஒரு நாளில் தட்டைப் பார்ப்பவருக்கு அது வெறுந்தட்டு. அறிக்கையில் வளர்ச்சி இல்லை என்ற தொடர் எழுதப்படும். இரண்டாவது, கொரினிபாக்டீரியம் இனங்கள் பல மனிதத் தோலில் இயல்பாக வாழ்பவை. சிறுநீர் மாதிரியில் அவை தோன்றினால் தோலிலிருந்து கலந்த மாசு எனக் கருதி ஒதுக்குவது ஆய்வகங்களின் பொது வழக்கம். பெரும்பாலான மாதிரிகளில் அவ்வழக்கம் சரியே. சரியான பொது விதி ஓர் அரிய நோயை மறைத்தது என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி.

தேரையர் மரபின் முகூர்த்தத்தையும் ஆய்வகத்தின் ஒரு நாளையும் இங்கு அருகருகே வைத்துக் காணலாம். முன்னது, தாமதித்தால் பொய்க்குறி தோன்றும் என்பதற்காக நேரத்தைச் சுருக்கியது. பின்னது, பொதுவான கிருமிகள் ஒரு நாளில் வளர்ந்துவிடும் என்பதற்காக நேரத்தை நிறுத்தியது. இரண்டும் நியாயமான வரையறைகள். ஆனால் எந்த வரையறைக்கும் அப்பால் சில நோய்கள் நிற்கும்.

இன்றைய நோயறிதலும் சிகிச்சையும்

இன்று இந்நோயை ஐயுறுவதற்குரிய சூழல் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், நெடுநாள் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோர், சிறுநீர்ப் பாதையில் அறுவையோ உள்நோக்கியோ செய்துகொண்டோர், பல எதிருயிரிகளை முன்னரே பெற்றோர் ஆகியோர் இடர் மிக்கவர்கள். எரிச்சல், குருதி கலந்த சிறுநீர், அம்மோனியா நாற்றம், மணல் போன்ற துகள் வெளிவருதல் ஆகியவை குறிகள். சிறுநீர் விடாது காரத்தன்மையுடன் இருக்க, சீழணுக்களும் ஸ்ட்ரூவைட் படிகங்களும் காணப்பட, வளர்ப்புச் சோதனையோ வெறுமையாக இருப்பின், அவ்வெறுமையே ஐயத்துக்குரிய குறியாகிறது. நிறமூட்டும் மருந்து செலுத்தாத கணினி வரைவி ஊடுகதிர்ப் படத்தில் சுவரை ஒட்டிய மெல்லிய சுண்ணக்கோடு தெரியும். நிறமூட்டும் மருந்து செலுத்தினால் அதன் வெண்மையில் அக்கோடு மறையக்கூடும்.

சிகிச்சை மூன்று கூறுகளை உடையது. பல எதிருயிரிகளுக்கு அடங்காத இக்கிருமி, வாங்கோமைசின், டைக்கோபிளானின் போன்ற மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்குகிறது. எனினும் ஓட்டினுள் பதுங்கிய கிருமியை மருந்து எளிதில் எட்டாது. எனவே உள்நோக்கியின் வழி ஓட்டினை அகற்றவேண்டும். அகற்றிய பின்னும் சிறுநீர் காரமாகவே இருப்பின் ஓடு மீண்டும் படியும். எனவே சிறுநீரை அமிலத்தன்மைக்குக் கொணரவேண்டும். பாஸ்பேட்டுக் கல்லைக் கரைக்கச் சிட்ரேட்டும் மக்னீசியமும் கொண்ட கரைசலைச் சுபியும் ஆல்பிரைட்டும் 1943இல் முன்வைத்தனர். அவ்வகை அமிலக் கரைசல்களைக் குழாய்வழி செலுத்திக் கழுவும் முறை இந்நோய்க்கும் பயன்படுகிறது. யூரியேசினைத் தடுக்கும் அசிட்டோஐதராக்சாமிக் அமிலம் 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பக்கவிளைவுகளால் அதன் பயன்பாடு வரம்புக்குட்பட்டது.

இங்கே பெயரின் சிக்கல் நடைமுறைச் சிக்கலாக மாறுகிறது. யூரிக அமிலக் கல்லைக் கரைக்கச் சிறுநீரைக் காரமாக்குவர். பாஸ்பேட்டு ஓட்டுக்கோ காரத்தன்மையே ஆக்கமாகும். கல் என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு ஒரே வகை மருந்தளித்தால், ஒருவரைக் காக்கும் மருந்து மற்றவர் நோயை வளர்க்கக்கூடும். கல்லின் பொருளை அறியாமல் கல்லுக்கு மருந்தளித்தல் எம்மரபிலும் இடர் தருவது.

தமிழகச் சூழலில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நிகழ்ந்தது. 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புகளைப் பெற்று வழங்கும் அரசுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனையாக எழுந்த மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியும் தென்மாவட்ட மக்களின் பெரும்புகலிடங்கள். மாற்றுறுப்பு பெற்றோர் பெருகும் நிலத்தில் இந்நோய்க்கு ஆளாகக்கூடியோரும் பெருகுவர். மாதிரியை மூன்று நாள் வைத்துப் பார்க்குமாறு மருத்துவர் ஆய்வகத்துக்கு எழுதும் ஒரு வரி, ஒரு சிறுநீரகத்தைக் காக்கக்கூடும்.

வரலாற்றாய்வுக்கான பொருள்

மேற்கூறியவற்றால் மருத்துவ வரலாற்றாய்வாளர் கொள்ளவேண்டிய நெறிகள் மூன்று. முதலாவது, ஓர் ஆவணத்தில் நோய் தேடுமுன் அவ்வாவணம் எதனைப் பதிவு செய்ய அமைந்தது என வினவவேண்டும். யானைமலைக் கல்வெட்டு கற்றளியையும், திருமுக்கூடல் கல்வெட்டு செலவையும், காலனிய அறிக்கை அறுவையையும், ஆய்வக அறிக்கை ஒரு நாள் வளர்ச்சியையும் பதிவு செய்தன. இரண்டாவது, பழஞ்சொல்லை இன்றைய நோயின் பெயராக மொழிபெயர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். கல்லடைப்பு என்பது ஒரு நோயன்று. பல நோய்கள் ஒதுங்கி நின்ற ஒரு கூரை. மூன்றாவது, நவீன ஆவணங்களும் இவ்வினாவுக்கு விலக்கல்ல. நாளை இன்றைய மருத்துவமனைப் பதிவேடுகளைப் படிக்கும் ஆய்வாளர், வளர்ச்சி இல்லை என்ற தொடரைக் கிருமி இல்லை எனப் படித்தால், கல்வெட்டின் மௌனத்தைத் தவறாகப் படிப்பவரின் பிழையையே அவரும் செய்வார்.

முடிவுரை

சுண்ணப்படிவுத் தொற்று 1914இல் கண்ணுக்குத் தெரிந்தது. 1925இல் அதன் வழிமுறை ஊகிக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டையொட்டியே அதன் முதன்மைக் கிருமி உறுதிப்பட்டது. அறிவுக் குறைவைவிட, மாசு எனப் பெயரிட்டு ஒதுக்கும் வழக்கமும் ஒரு நாளில் நின்றுவிடும் நோக்கீடுமே இத்தாழ்வுக்குக் காரணமாயின. சித்த மருத்துவத்தின் நீர்க்குறி நெறி சிறுநீரைக் கூர்ந்து நோக்கியது. ஆனால் அது எழுப்பிய வினா வேறு. குன்னூர் ஆய்வு கல்லின் காரணத்தைத் தேடியது. ஆனால் அது எண்ணிய கல் வேறு. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி உயர்வு தாழ்வு கற்பிப்பதைவிட, ஒவ்வொன்றும் எதனைக் காண அமைந்தது, எதனைக் காணாது விட்டது எனப் பிரித்தறிவதே தமிழக மருத்துவ வரலாற்றுக்குப் பயன் தரும். மருத்துவமனைப் பதிவேடுகள், நுண்ணுயிரியல் ஆய்வகக் குறிப்பேடுகள், சித்த மருத்துவச் சுவடிகள் ஆகியவற்றை இந்நோக்கில் இணைத்து ஆராயும் பணி மதுரை வட்டாரத்தில் மேற்கொள்ளத்தக்கது.